திருவிருந்து வேளைக்கு மூன்று பக்கங்கள்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்குக் கோயில்மேல் கோபம் வந்துவிட்டது. தேவாலயத்தைக் கோயில் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். எழுபதுகளின் தொடக்கம். என் கணவருக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. எனக்குப் பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. காலை ஏழரை மணித் தமிழ் ஆராதனைக்குப் போனோம். பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு கால்மிதி ஆர்கன் இருந்தது. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு, விரிப்பின்மேல் நான்கு பூச்சாடிகள், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அன்று அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து இருந்தது. அங்கே அச்சன் என்று கூப்பிடும் குருவானவர் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் பேசியே முடித்தார். ஒரு சுரம்கூடக் கேட்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம்.

நான் வளர்ந்த கோயில் வேறு மாதிரி. வெள்ளைக்காரர் காலத்தில் ஆங்கிலச் சபையிலேயே இரண்டு போக்குகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த மிஷன், கத்தோலிக்கருக்கு அடுத்த வீடு என்று சொல்லும்படியானது. தூபம் உண்டு, மணி உண்டு, குருவானவருக்குப் பூவேலை அங்கி உண்டு. திருவிருந்து ஆராதனையைப் பாடித்தான் நடத்துவார்கள். இரக்கம் கேட்கும் பகுதி, மகிமைப் பாட்டு, பரிசுத்தர் என்று மூன்று முறை சொல்லும் இடம் எல்லாவற்றுக்கும் ஆர்கன் கூடவே போகும். சபையார் அப்பம் வாங்கப் போகும்போது பாட்டு நின்றுவிடும், ஆர்கன் மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கும். விடுதிப் பள்ளியில் படித்தபோது பதினாறு வயதிலேயே அந்த வேலை எனக்கு வந்தது. கொச்சிக்கு வந்த மிஷனோ எளிமையை விரும்பியது. பிறகு எல்லாரும் ஒரே திருச்சபையாகி, ஒரே ஆராதனைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டாலும், பழக்கம் போகவில்லை.

அடுத்த வாரம் ஆராதனை முடிந்ததும் அச்சனிடம் போய்க் கேட்டேன். ஐம்பதை நெருங்கும் மலையாளி. தமிழ்ச் சபைக்காகவே தமிழ் படித்துக்கொண்டவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

“ஓர்கனோ? அது கெட்டுப் போயி மோளே. எலி கேறி எல்லாம் நாசமாக்கி.”

“நான் திறந்து பார்க்கட்டுமா அச்சா?”

“நோக்கிக்கோ. பக்ஷே அதுல உசிர் இருக்கும்னு எனக்குத் தோணல.”

உயிர் இருந்தது. கணவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து பின்பலகையைக் கழற்றினார். துருத்தித் துணியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. எலி கூடு கட்டியிருந்தது, பாட்டுப் புத்தகக் காகிதத்தைக் கிழித்து. பட்டறையிலிருந்து ரப்பர் பூசிய துணி கொண்டுவந்து ஒட்டினோம். ஏழு கட்டைகளுக்குச் சத்தமே வரவில்லை. அவற்றில் ஐந்தைச் சரி செய்தோம், இரண்டு கடைசிவரை ஊமையாகவே இருந்தன. ஆனி, ஆடி மழையில் கட்டைகள் ஊதிப்போய், அமுக்கினால் மேலே வராது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை மாட்டி, மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமை சாயங்காலமே எரியவிடுவோம். இதற்கே மூன்று மாதம் ஆனது. அச்சன் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பாட்டுகளுக்கு வாசிக்கச் சொன்னார். திருவிருந்து நேரத்திலும் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, “சரி, மெல்ல வாயிச்சுக்கோ” என்றார்.

ஆர்கன் ஸ்டூலின் மூடியைத் தூக்கினால் உள்ளே அறை. அதில் இசைக்குறிப்பு அச்சிட்ட மூன்று தாள்கள் கிடந்தன. தலைப்புப் பக்கம் இல்லை. இயற்றியவர் பெயர் இல்லை. முதல் தாளின் மேலே பென்சிலால் ஆங்கிலத்தில் ‘கம்யூனியனுக்கு, மிக மெதுவாக’ என்று யாரோ எழுதியிருந்தார்கள், திருவிருந்துக்கு என்று அர்த்தம். வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் விரல் வைத்துப் பழகினேன், வீட்டில் வாத்தியம் எதுவும் இல்லாததால். முதல் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டாம் பக்கத்தில் இசை எங்கோ இருட்டுக்குள் போகும், வழி தெரியாமல் தடுமாறும். மூன்றாம் பக்கத்தில் இடக்கையில், அடியில், ஒரு ராகம் தலைகாட்டும். அது வந்தபிறகுதான் முதல் இரண்டு பக்கமும் எதற்கு என்று புரியும். மொத்தம் ஐந்தரை நிமிடம்.

எங்கள் தமிழ்ச் சபையில் திருவிருந்து வாங்குகிறவர்கள் முப்பத்துநான்கு பேர். துறைமுகத்து ஆட்கள், சலவைக்காரர்கள், இரண்டு நர்ஸ்கள், கிட்டங்கிக் கணக்கர்கள். அச்சன் கை வேகம். மூன்றரை நிமிடத்தில் அப்பமும் ரசமும் கொடுத்து, பாத்திரம் துடைத்து, மூடி வைத்துவிடுவார். நான் அப்போது இரண்டாம் பக்கத்தின் நடுவில், அந்த இருட்டில் இருப்பேன்.

ஆர்கன் வாசிக்கிறவருக்குப் பீடம் முதுகுப் பக்கம். அதனால் கணவரின் சவரக் கண்ணாடியை ஆர்கன்மேல் ஆணியடித்து மாட்டியிருந்தேன். அதில் அச்சன் தெரிவார். மேல்துணியை மடித்து வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார். தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். அந்தச் செருமல் கேட்டதும் கை எங்கே இருக்கிறதோ அங்கே, பக்கத்தில் கிடைக்கிற ஏதாவது ஒரு இணக்கமான சுரத்தைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? மாதம் இரண்டு முறை அப்படி. வருடக்கணக்காக.

என்னென்னவோ செய்து பார்த்தேன். முதல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். தலையில்லாத உடம்பு மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தை மட்டும் வாசித்தேன். இருட்டே இல்லாமல் வெளிச்சம் வந்து என்ன பயன்? வேகமாக வாசித்தேன். அன்று பாடகர் குழுவின் டீச்சர் வந்து, “என்ன இது, இன்னிக்கு ஆளுங்களை ஓட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு?” என்றார். பள்ளிக்கூட ஆசிரியை, கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் வாசிப்பைப் பற்றி அந்தக் கோயிலில் வாய் திறந்து ஏதாவது சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.

பிறகு ஒருநாள் அங்கி மாற்றும் அறையான வெஸ்திரியில் அச்சனிடம் நேராகவே கேட்டேன்.

“அச்சா, பாத்திரம் துடைச்ச பிறகு இரண்டு நிமிஷம் நிற்க முடியுமா? வாசிக்கிறது முடியிறவரைக்கும்?”

“ரெண்டு மினிட்டோ?” அங்கியைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். “ஒன்பது மணிக்கு மலையாளம் ஆராதனை. அவங்க வெளிய வெயிலத்து நிக்குது. நம்ம ஆளுக்கும் அக்கரைக்கு போட்டு பிடிக்கணும், டியூட்டிக்குப் போகணும். அவங்க கேட்டாங்களா வாசிக்கச் சொல்லி?”

“அவங்களுக்காக இல்ல அச்சா.”

“பின்னே ஆருக்கு?”

கடவுளுக்கு என்று சொன்னால் நாடகமாக இருக்கும். எனக்கு என்று சொன்னால் பொய், அதைவிட மோசம், பாதி உண்மை. அப்பம் இருக்கிறது, ரசம் இருக்கிறது, அவற்றுக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை, சிந்தினால் தரையைக்கூடத் துடைத்து எடுக்கிறார்கள். இசையும் அந்த மேசையில் வைத்த பொருள்தான், அதைப் பாதியில் தட்டிவிடக் கூடாது என்று எனக்குள் தெளிவாக இருந்தது. வாய்க்கு வரவில்லை. அவர் சிரித்து, “மோளே, நீ நல்லா வாயிக்குன்னு. அது போதாதா?” என்று தோளைத் தட்டினார். போதாது என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஈஸ்டருக்கு பிஷப் வருவதாக இருந்தது. தமிழும் மலையாளமும் சேர்ந்து ஒரே ஆராதனை. இருநூறு பேர் திருவிருந்துக்கு வருவார்கள் என்றார்கள். நான் முதலில் போட்ட கணக்கு இதுதான்: இருநூறு பேர் என்றால் குறைந்தது இருபது நிமிடம். மூன்று பக்கத்தையும் வாசித்து, திரும்ப ஒருமுறை வாசிக்கலாம். அச்சனிடம் போய், ஆராதனை முழுவதையும் பாடியே நடத்தலாமா என்று கேட்டேன். பிஷப் பாடுகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆச்சரியம், அச்சன் ஒத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலம் முழுவதும், நாற்பது நாளும், ஆபீஸ் விட்டு நேரே கோயிலுக்குப் போனேன். டீச்சர் பத்துப் பேரைக் கூட்டி வந்தார். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. இரக்கப் பகுதியையும் மகிமைப் பாட்டையும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். வெயிலில் ஆர்கன் காய்ந்து நல்ல குரலோடு இருந்தது. கணவர் இரண்டு முறை எண்ணெய் போட்டார். நாற்பது நாளில் எங்கள் வீட்டுச் சமையல் எப்படி இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஈஸ்டர் காலை ஆறரைக்குக் கோயிலுக்குப் போனபோது பீடத்தின் பக்கத்தில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் நின்றன. கொச்சியின் தேவரா பக்கத்திலிருந்து ஐந்து இளைஞர்கள், கிட்டார்களோடு. வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அச்சன் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“மோளே, ஒரு காரியம். பிஷப் திருமேனி சொல்லி அனுப்பிச்சது நேத்து ராத்திரிதான். கம்யூனியன் நேரத்து சின்னப்பிள்ளைங்க பாடட்டேன்னு. மத்ததெல்லாம் நீதான். மனசுல ஒண்ணும் தோணக் கூடாது, கேட்டோ.”

“முழு நேரமுமா அச்சா?”

“முழு நேரமும்.”

நான் சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? இரக்கப் பகுதி நன்றாக வந்தது. மகிமைப் பாட்டில் டீச்சரின் குரல் கூரை வரைக்கும் போனது. பரிசுத்தர் பாட்டின்போது பிஷப் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு ஜனங்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள், கிட்டார் தொடங்கியது. பெட்டி இடையிடையே கீ என்று ஊளையிட்டது. பாட்டு மோசம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மனசாரப் பாடினார்கள். இருபத்தைந்து நிமிடம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தாள்களும் எதிரே விரிந்து கிடந்தன. எடுத்து உள்ளே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வழக்கமான ஞாயிறு. முப்பத்தொரு பேர். நான் எதையும் திட்டமிட்டுப் போகவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்தச் செருமல் கேட்டது. என் கை நிற்கவில்லை.

கண்ணாடியில் அவர் தெரிந்தார். முதலில் ஆர்கன் பக்கம் பார்த்தார். இன்னொரு முறை செருமினார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கை தவறவில்லை. மூன்றாம் பக்கத்துக்குத் தாளைத் திருப்பினேன். இடக்கை ராகம் வந்தது. முதல் இரண்டு பக்கத்தையும் மெதுவாகக் கடந்து அது அந்தக் கோயிலுக்குள் வந்தது அதுதான் முதல் முறை. அதை நான் ரசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், காது முழுக்க என் இதயத்துடிப்புத்தான் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை எப்போ முடியும் என்று சத்தமாகக் கேட்டது. ராகத்தின் நடுவில் ஊமைக் கட்டை ஒன்று வரும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த இடத்தில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கடைசிச் சுரத்தை முழு அளவு பிடித்து விட்டேன். அச்சன் கைகளைச் சேர்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். பிறகு எதுவும் நடக்காத மாதிரி ஜெபத்தைத் தொடங்கினார்.

வாசலில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாரமில்ல, விடுங்க. கட்டை மாட்டிக்கிட்டா யாரு என்ன செய்ய முடியும்? நானும் பேடிச்சுப் போனேன், இது நிக்காதேன்னு.”

ஆர்கன் கோளாறாகி நிற்காமல் ஓடிவிட்டது என்று சபை முழுவதும் நினைத்திருந்தது. பத்து வருடத்துக்குமேல் காத்திருந்து நான் வாசித்து முடித்ததை அவர்கள் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். இல்லை, வேண்டுமென்றேதான் வாசித்தேன் என்று சொல்ல நினைத்தேன். கணவர் முழங்கையால் இடித்தார். சும்மா இருந்துவிட்டேன்.

ஆனால் அச்சனுக்குத் தெரியும். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சபைக்கு வாராவாரம் ஆராதனை ஒழுங்குத் தாள் ஒன்று சைக்ளோஸ்டைல் செய்து கொடுப்பது வழக்கம். தமிழ்க் கையெழுத்து நன்றாக இருந்ததால் ஸ்டென்சிலில் எழுதுவது என் வேலை. அடுத்த திருவிருந்து வாரத்துப் புதன்கிழமை அவருடைய குறிப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. திருவிருந்து என்ற இடத்துக்குக் கீழே, எப்போதும் ‘ஆர்கன்’ என்று இருக்கும் வரியில், ‘மௌனம்’ என்று எழுதியிருந்தார். குறிப்பைக் கணவரிடம் நீட்டினேன்.

“எழுதப் போறியா?” என்றார்.

“பின்ன? நான் எழுதாட்டி யாரு எழுதுவா?”

“எழுதாதியேன். அவரே எழுதட்டும்.”

எழுதினேன். எழுத்தாணி மெழுகுத் தாளைக் கிழித்துவிடாமல் நிதானமாக எழுதினேன். நாற்பது பிரதி எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை அதை நானே வாசலில் நின்று கொடுத்தேன்.

அந்த மௌனத்தில் செருப்பில்லாத கால்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம், காக்கை, தூரத்தில் படகின் சங்கு. ஆர்கன் வாசிக்கிற வரைக்கும் நான் எப்போதும் முதல் ஆளாக ஓடிப்போய்த் திருவிருந்து வாங்கிக்கொண்டு, உடனே ஆர்கனுக்குத் திரும்பி ஓடிவருவேன். இப்போது அப்படி ஓட வேண்டியதில்லை. கணவர் பக்கத்தில் வந்து, “வா” என்றார். ஆர்கனைச் சரி செய்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மண்டியிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது பெரிய சந்தோஷம். இதற்காக அவர் இத்தனை வருடம் காத்திருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கோ அப்பத்தை வாங்கும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. மௌனம் நன்றாக இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல். மோசமாக இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன்.

மூன்று வருடம் அப்படியே போனது. பாட்டுகளுக்கு வாசித்தேன். திருவிருந்துக்கு மௌனம். அச்சனும் நானும் நன்றாகவே பழகினோம். அதற்கிடையே பிறந்த என் மகளுக்கு அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். இந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் வரவே இல்லை.

அவருக்கு மலைப்பக்கம் ஒரு சபைக்கு மாற்றல் வந்தது. கடைசி ஞாயிறு காலையில் நான் ஆர்கன் விரிப்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது, அங்கி போடாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

“மோளே, இன்னிக்கு கம்யூனியனுக்கு நீ வாயிக்கணும். அந்த முழுசும். ஞான் காத்து நிக்கிறேன். எத்தர நேரமானாலும்.”

அவர் முகத்தில் எந்த விளையாட்டும் இல்லை. அதைக் கேட்பது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை என்று தெரிந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம் அச்சா.”

“பிணக்கம் இனியும் தீரலையோ?”

“பிணக்கம் இல்ல. இது எனக்குத் தர்ற பரிசு மாதிரி ஆயிடும். நான் பரிசு கேக்கல.”

அவர் என் கையிலிருந்த விரிப்பை வாங்கி மடித்து வைத்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெஸ்திரிக்குள் போனார். அன்றும் மௌனம்தான். அவர் வழக்கத்தைவிட மெதுவாகக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் கேட்டார். “அவ்வளவு இறங்கி வந்து கேட்டாரே, வாசிச்சிருக்கலாம்லா?”

“வாசிச்சிருக்கலாம்.”

“பொறவு ஏன்?”

வெஸ்திரியில் அச்சன் கேட்ட ‘பின்னே ஆருக்கு?’ ஞாபகம் வந்தது. மகள் தோளில் தூங்கிப்போயிருந்தாள். கை வலித்தது. அவளை அவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, மீன் வாங்க வேண்டும், சீக்கிரம் நடங்கள் என்று மட்டும் சொன்னேன்.